இதமாகக் காட்டும் பெட்டி

கேபிள்காரர் கடைசியாக அந்த வீட்டுக்கு வந்தது வயரைச் சுருட்டிக்கொண்டு போவதற்காகத்தான். உறையூரில் அந்தத் தெருவில் பதினோரு இணைப்புகள்தான் மிச்சம் என்றும், அதற்காக ஒரு லைனை வைத்திருக்க முடியாது என்றும் மாசிலாமணியிடம் சொன்னார். டிவி நன்றாகத்தான் இருக்கிறது, இன்டர்நெட்டில் ஓடும் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினால் போதும் என்றார். எந்தப் பெட்டி என்று கேட்டதற்கு அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நிறைய இருக்கிறது சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

மாசிலாமணி பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அவர் மனைவி திலகவதி மாவட்ட நீதிமன்றத்தில் ஸ்டெனோ. சாட்சிக் கூண்டில் நிற்பவர் என்ன சொல்கிறாரோ அதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சுருக்கெழுத்தில் எடுப்பது அவள் வேலை. இருபத்தேழு வருடமாக அதைச் செய்துவருகிறாள்.

அவர்களுக்கு டிவி வேறொரு காரியத்துக்கும் வேண்டியிருந்தது. ஒரே மகள் நறுமுகை இரண்டு வருடத்துக்கு முன் ஹைதராபாத்தில், கூட வேலை பார்த்த நிகிலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாசிலாமணி அவளோடு பேசுவதை நிறுத்தினார். திலகவதி அவருக்குத் தெரியாமல் போன் செய்தபோது மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒளிஞ்சு ஒளிஞ்சு உங்கிட்ட பேச மாட்டேம்மா. பேசினா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பேசுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சேர்ந்து பேசியபோதோ இரண்டாவது நிமிடத்திலேயே சண்டை வந்தது. கடைசியில் திலகவதிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறுதோறும் மகள் ஒரு வீடியோ பதிவு செய்து அனுப்ப வேண்டும். இவர்கள் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புவார்கள். எதிரெதிரே பேசினால்தானே சண்டை.

ஆறு மாதமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. திலகவதி போனில் வீடியோவை ஓடவிடுவாள். மாசிலாமணி பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மகள் பேசி முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்ப மாட்டார். கேட்கிறார் என்பது அதிலிருந்துதான் தெரியும். மகளின் முகம் டிவியில் பெரிதாக வந்தால் ஒருநாள் பேப்பரைக் கீழே வைப்பார் என்று திலகவதி நினைத்தாள்.

தில்லைநகர் கடையில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிகள் இருந்தன. உள்ளங்கையளவு ஒன்று, பென் டிரைவ் போல் டிவியின் முதுகில் செருகுவது ஒன்று, கண் வைத்த உருண்டை ஒன்று. ஒவ்வொன்றின் கீழேயும் அட்டையில் இருபது வரி எழுதியிருந்தது. மாசிலாமணி கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தார். நான்காவது அட்டை வந்தபோது முதல் அட்டை மறந்துபோனது. திலகவதிக்கும் அதே கதைதான். இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ரிஸ்வானா என்ற விற்பனைப் பெண் வந்தாள்.

அவள் மூன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். முதலாவது சாதாரணப் பெட்டி. எதைக் கேட்கிறோமோ அதைக் காட்டும். இரண்டாவது, நமக்கு எது பிடிக்கும் என்று கற்றுக்கொண்டு அதையே முன்னால் எடுத்து வைக்கும். மூன்றாவதுதான் அந்தக் கண் வைத்த உருண்டை. பெயர் இதம்.

"யாரு உக்காந்து பாக்கறாங்கன்னு அதுக்குத் தெரியும் மேடம். மொகத்த வச்சே நாடித்துடிப்பக் கணக்குப் பண்ணும். ஒரு சீன் பாத்து உங்களுக்குப் படபடன்னு வந்தா, அடுத்த சீனக் கொஞ்சம் பதமாக்கிக் குடுக்கும்."

"கதைய மாத்திருமா?" என்று திலகவதி கேட்டாள்.

"மாத்தாது மேடம். கத அதேதான். ஓங்கி அறையற எடத்துல கையத் தூக்கறதோட நிறுத்திக்கும். அவ்வளவுதான்."

திலகவதிக்கு முதல் பெட்டியே போதும் என்றிருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கு டென்ஷன் ஆகக்கூடாது, டிவியில் செய்தி பார்ப்பதைக்கூடக் குறையுங்கள் என்று சொல்லியிருந்தார். ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று ரிஸ்வானாவும் சொன்னாள். மாசிலாமணிக்கோ கடையை விட்டு வெளியே போனால் போதும். இதம் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து மகளின் பதிவுகள் போனுக்கு வராமல் நேராக டிவிக்கே வந்தன.

முதல் ஞாயிற்றுக்கிழமையே திலகவதி நினைத்தது நடந்தது. நறுமுகை திரையில் வந்து சிரித்தாள். வேலை நன்றாகப் போகிறது, நீங்கள் வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா அப்பா என்று கேட்டாள். மாசிலாமணி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பதில் பதிவு செய்யும்போது வழக்கம்போல உள்ளறைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் திலகவதி ஜாடை காட்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போடறேன்" என்றார். இரண்டு வருடத்தில் சண்டை போடாமல் மகளுக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அன்று முழுவதும் திலகவதிக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதன் பிறகு அவர் வாரத்துக்கு ஒரு வாக்கியமாவது பேசினார். "சாப்டியா", "இங்க வெயில் ஜாஸ்தி", "அம்மாவுக்கு முட்டி வலி" என்ற அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. இந்த அளவுக்கு வந்ததே பெரிது என்று திலகவதி சும்மா இருந்தாள்.

குழப்பம் கோர்ட்டில்தான் தொடங்கியது. மதியச் சாப்பாட்டின்போது பெஞ்சு கிளார்க் செங்கமலம் முந்தின நாள் சீரியலைப் பற்றிப் பேசினாள். மாமியார் மருமகளை நடுக்கூடத்தில் வைத்து அறைந்துவிட்டாளாம். திலகவதி அந்த சீரியலைப் பார்த்திருந்தாள். அவள் பார்த்ததில் மாமியார் கோபமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைக்காரப் பெண் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று அதை விட்டுவிட்டாள். சீரியலில் யார் யாரை அறைந்தால் என்ன.

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று மகள் பேசியதை அவள் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்தாள். பஸ்ஸில் போகும்போது படித்துக்கொண்டு போகலாம் என்ற ஆசை. திங்கட்கிழமை பஸ்ஸில் படித்தபோது ஒரு சொல் இடறியது. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் அம்மா என்று நறுமுகை சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டில் யாரும் பேச்சில் மகிழ்ச்சி என்று சொல்வதில்லை. சந்தோஷம் என்பார்கள். இல்லாவிட்டால் ஜாலி என்பாள் அவள்.

சாயங்காலம் மாசிலாமணி நடக்கப் போயிருந்தபோது தனியாக உட்கார்ந்து அதே பதிவை மறுபடி ஓடவிட்டாள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். நோட்டில், வேலையெல்லாம் நன்றாகப் போகிறது என்று இருந்தது. திரையில் மகள், "வேல பரவால்லம்மா, ஓடுது" என்றாள். நோட்டில் மகிழ்ச்சி இருந்த இடத்தில் திரையில் ஒன்றுமே இல்லை. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

தன் கைதான் தவறியிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தாள். மறுநாள் கோர்ட்டில் ஒரு சாட்சியத்தை எடுத்துவிட்டுப் பயந்து பயந்து நாலு தடவை சரிபார்த்தாள். ஐம்பத்தாறு வயதில் சிலருக்கு இப்படித்தான் தொடங்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. புதன்கிழமை அதே பதிவை மாசிலாமணியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓடவிட்டாள். நன்றாகப் போகிறது என்றாள் மகள். மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்றும் சொன்னாள். நோட்டில் இருந்த அதே வரிகள், அதே வரிசை.

மறுநாள் கோர்ட் முடிந்ததும் நேராகத் தில்லைநகருக்குப் போனாள். ரிஸ்வானாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. திரையில் வருவது எதுவானாலும் இதம் பதமாக்கும், குடும்ப வீடியோ என்பதற்காக விட்டுவிடாது, வாங்கும்போது நீட்டிய திரையில் கையெழுத்துப் போட்ட இடத்தில் அது இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நிறுத்திவிடலாம், ஆனால் யாருடைய உடம்புக்காக அது ஓடுகிறதோ அவரே வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

"நாங்க அனுப்பற பதிலையும் மாத்துமா?"

"இல்ல மேடம். உங்க திரைக்கு வர்றதத்தான் மாத்தும். நீங்க அனுப்பறது அப்படியே போகும்."

"அப்ப அவ நெஜமா என்ன பேசினான்னு நான் எப்படிப் பாக்கறது?"

ரிஸ்வானா கடையில் காட்டுவதற்காக வைத்திருந்த சாதாரணப் பெட்டி ஒன்றைக் கழற்றி, ஒரு நாளைக்கு எடுத்துப் போகச் சொன்னாள். அதே கணக்கில் நுழைந்தால் பழைய பதிவுகள் எல்லாம் வந்தபடியே இருக்கும். "தனியா பாருங்க மேடம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை திலகவதி லீவு போட்டாள். மாசிலாமணி காய்கறி வாங்கக் கிளம்பியதும் இதத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டியை மாட்டினாள். பதிவுகள் தேதி வாரியாக நின்றன. இதம் வந்த முதல் சில வாரங்களில் மகள் சிரிக்கவே இல்லை. எங்கள் கல்யாணத்தைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று ஒன்றில் சண்டை போட்டாள். இன்னொன்றில் நிகிலுக்கு வேலை போய்விட்டது என்றாள். மாத்திரை போடுகிறீர்களா என்ற கேள்வி மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. அதை அவள் உண்மையாகவே கேட்டிருந்தாள்.

ஜூன் பதினான்காம் தேதிப் பதிவு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆபீசில் இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு வீட்டில் ஓய்வாக இருக்கிறேன் என்று மகள் சொன்ன பதிவு அது. திலகவதி அதைத் தொட்டாள்.

நறுமுகை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அப்பா, உங்ககிட்ட சொல்லவே இல்ல. அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு. நல்லா இருந்தா சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன். முந்தாநேத்து துடிப்பு இல்லேன்னுட்டாங்க. பொண்ணு. நான் வேலைக்குப் போயிட்டே இருந்தேனே, அதனாலயான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவங்க பதிலே சொல்லல. நீங்க ரெண்டு பேரும் ஏதாவது சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க."

பதிவு முடிந்து திரை கறுத்தபோது அதில் திலகவதிக்குப் பின்னால் ஓர் உருவம் தெரிந்தது. மாசிலாமணி காய்கறிப் பையோடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தேடி எடுத்து வந்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எப்ப அனுப்பினா இத?"

ஜூன் பதினாலு என்றாள்.

"அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்?"

திலகவதிக்கு அது மறக்கவில்லை. அவளுக்கு எந்தச் சொல்லும் மறப்பதில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சரி, உடம்பப் பாத்துக்கன்னீங்க. இங்க ரெண்டு நாளா மழைன்னு சொன்னீங்க." தன் பதிலையும் மறைக்காமல், "நான் பழம் நெறையச் சாப்பிடுன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்" என்றாள்.

அவர் பையிலிருந்து வெண்டைக்காயை எடுத்துக் கீழே வைத்தார். மறுபடி பைக்குள் போட்டார். இந்தச் சேதியைக் கேட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதானே அது மறைத்தது என்று கேட்டார். திலகவதி ஆமாம் என்றாள். அந்தப் பெட்டியைப் பிடித்து வாங்கியது தான்தான் என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"இப்பக் கேட்டுட்டேன்ல," என்றார் அவர். "செத்தா போயிட்டேன்?"

மகளின் எண்ணுக்குப் போட்டார்கள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஒன்பது தடவை போட்டார்கள். நிகிலின் எண் அவர்களிடம் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளக்கூட மாசிலாமணி விட்டதில்லை. ஜூன் பதினான்குக்குப் பிறகு இன்னும் பதினோரு பதிவுகள் திரையில் இருந்தன. அவற்றைத் தொட இருவருக்கும் துணிவில்லை. இரண்டு மாதமாக மழையையும் பழத்தையும் பதிலாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவற்றில் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது திலகவதி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹைதராபாத்துக்குப் போய்விடலாம் என்றார் மாசிலாமணி. வீட்டு விலாசம் வேண்டுமே என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் தெரியவில்லை.

பகல் இரண்டு மணி இருக்கும். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாடிப்படியில் பை இடிக்கும் சத்தம் கேட்டுத் திலகவதி கதவைத் திறந்தாள். நறுமுகை நின்றாள். கன்னம் ஒட்டிப்போய், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இப்படிப் பாக்கற? வெள்ளிக்கிழம வர்றேன்னு மூணு வாரமா சொல்லிட்டிருக்கேனே. ட்ரெய்ன்ல சார்ஜ் தீந்துபோச்சு" என்றாள்.

திலகவதிக்குத் தெரிந்து அவள் சொன்னது, சீக்கிரம் பார்க்கலாம் என்பது மட்டும்தான். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்களுக்கு ஒன்றுமே தெரியாது, பெட்டி மறைத்துவிட்டது, இன்று காலையில்தான் தெரிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நறுமுகை உள்ளே போய்விட்டாள். மாசிலாமணி நாற்காலியிலிருந்து எழ முயன்றார். எழ வேண்டாம் என்று அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். என்ன வரப்போகிறதோ என்று திலகவதி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரமாட்டேன்னுதான் இருந்தேம்ப்பா. நீங்க அன்னிக்குப் பேசலேன்னா வந்திருக்கவே மாட்டேன்" என்றாள் நறுமுகை.

மாசிலாமணி அவளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஒரு வாரம் நான் எந்திரிக்கவே இல்ல. நிகில்தான் உங்க பதில் வந்திருக்குன்னு ஹாலுக்குத் தூக்கிட்டுப் போனான். நீங்க வாங்கினதா அம்மா சொன்னதக் கேட்டு எங்க வீட்லயும் இதம்தான் வச்சிருக்கு. அதுல உங்க மொகம் பெருசா வந்துச்சு. உம்மேல தப்பில்லம்மான்னீங்க. நீங்க அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லப்பா. எத்தன தடவ போட்டுப் பாத்தேன்னு எனக்கே தெரியாது."

திலகவதி கதவைப் பிடித்துக்கொண்டாள். அனுப்புவது அப்படியே போகும் என்று கடைப் பெண் சொன்னது உண்மைதான். மழை அப்படியே போயிருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில், எழுந்திருக்க முடியாத ஒருத்திக்கு எது பதமோ அதை அங்கிருந்த பெட்டி கொடுத்திருந்தது. தங்களுக்குக் கிடைத்த மகளும் மகளுக்குக் கிடைத்த அப்பாவும் மூன்று மாதமாக யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்று திலகவதிக்குப் பிடிபடவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் மகளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்றும் தோன்றியது.

மாசிலாமணியின் உதடு அசைந்தது. அவர் திலகவதியை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்று அவர் முகம் சொல்லிற்றா, இல்லை, தான் அப்படிச் சொன்னதாகவே அந்த நிமிடம் நம்பிவிட்டாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆமா," என்றார். "சொன்னேன்."

நறுமுகை அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். "நீங்க சொன்னபடியே அவளுக்குப் பேரும் வச்சேம்ப்பா. பேரில்லாமப் போகக்கூடாதுன்னீங்களே."

அவர் கை அவள் தலைக்கு மேல் நின்றது. என்ன பெயர் என்று அவரால் கேட்க முடியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை மகளின் ஒட்ட வெட்டிய முடியில் இறங்கியது.

"எனக்கு ஒருதடவ மொதல்லேருந்து சொல்லும்மா," என்றார். "நான் என்னென்ன சொன்னேன், நீ அவளுக்கு என்ன பேரு வச்ச, எல்லாத்தையும் சொல்லு. அவசரப்படாமச் சொல்லு."

அப்பாவுக்கு அதைத் திரும்பக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அழுகையின் நடுவே சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். மாசிலாமணி முன்னால் குனிந்து, ஒரு சொல்லையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.